பயிர் நோயியலில் முதுநிலைப் படிப்பு: கோயம்புத்தூரை முன்வைத்துச் சில குறிப்புகள்

வேளாண்மையில் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெறும் மாணவர் பயிர் நோய்களைப் பெரும்பாலும் மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணையாகவே மனத்தில் வாங்கிக்கொள்கிறார்: அறிகுறி, நோய்க்காரணி, தெளிக்க வேண்டிய மருந்து. நெல்லுக்குக் குலைநோய், வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல், வாழைக்கு முடிக்கொத்து, கரும்புக்குச் செவ்வழுகல் என்று பயிர்வாரியாக நீளும் அந்த அட்டவணை தேர்வு எழுதவும், பிற்பாடு வேளாண்மை அலுவலராகச் சேர்ந்து வயல் வரப்பில் நின்று விவசாயி கேட்கும் கேள்விக்கு உடனடியாகப் பதில் சொல்லவும் போதுமானதாகவே இருக்கிறது. முதுநிலைக்கு வந்ததும் அதே அட்டவணையின் நடுக்கட்டம் கேள்விக்கு உள்ளாகிறது. இந்தப் பூஞ்சாணம்தான் இந்தப் புள்ளியை உண்டாக்கியது என்று சொன்னவர் யார், எதைச் செய்து காட்டிச் சொன்னார், இன்று இந்த வயலில் தெரியும் புள்ளிக்கும் அது பொருந்துமா என்று கேட்கப் பழகுவதே இந்த இரண்டாண்டுப் படிப்பின் சாரம். பூஞ்சாணவியல், பாக்டீரியவியல், வைரஸியல், கொள்ளைநோயியல் என்று பாடத்திட்டத்தில் தனித்தனியே நிற்கும் தாள்கள் எல்லாம் அந்தப் பயிற்சிக்குத் துணைநிற்பவை.

இந்தக் கேள்வி துறையின் பிறப்போடு வந்தது. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் தொடங்கியபோது, அழுகிய இலையில் பூஞ்சாணம் இருந்ததைப் பலர் பார்த்தனர். ஆனால் அது அழுகலின் விளைவு என்றே பெரும்பாலோர் கருதினர். பூஞ்சாணமே காரணம், அழுகலே விளைவு என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி சோதனை செய்து நிறுவியது 1860களின் தொடக்கத்தில். பாக்டீரியாவின் கதை இன்னும் வேடிக்கையானது. அமெரிக்காவில் பேரி மரங்களின் கருகலுக்குப் பாக்டீரியாவே காரணம் என்று தாமஸ் பரில் 1880ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே காட்டியிருந்தும், தாவரங்களைப் பாக்டீரியா தாக்கவே இயலாது என்று ஆல்பிரட் பிஷர் ஜெர்மனியிலிருந்து மறுக்க, அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த எர்வின் ஸ்மித் அவரோடு 1897 முதல் 1901 வரை அச்சில் மோதிக்கொண்டிருந்தார். ஸ்மித்தின் பக்கமே வென்றது என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் பிஷர் எழுப்பிய ஐயங்கள், குறிப்பாகத் தூய வளர்ப்பு உண்மையிலேயே தூயதா என்ற ஐயம், ஒவ்வொரு ஆய்வுக்கூடத்திலும் ஒவ்வொரு வாரமும் மறுபடி எழுந்துகொண்டுதான் இருக்கிறது.

மருத்துவத்தில் ராபர்ட் காக்கின் பெயரால் வழங்கும் நான்கு விதிகளைப் பயிர் நோயியலும் ஏற்றுக்கொண்டது. நோயுற்ற செடிகள் அனைத்திலும் அந்த உயிரி இருக்க வேண்டும். அதைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்க்க இயல வேண்டும். அப்படி வளர்த்ததை நலமான செடியில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அந்தச் செடியிலிருந்து மீண்டும் அதே உயிரியைப் பிரித்தெடுக்க வேண்டும். எழுத்தில் நான்கு வரியில் முடியும் இதைக் கையால் செய்து பழகுவதற்கே முதலாண்டு மாணவருக்குப் பல வாரங்கள் பிடிக்கின்றன.

நோயுற்ற இலை ஒன்றிலிருந்து பூஞ்சாணத்தைப் பிரித்தெடுக்கும் வேலையை எடுத்துக்கொண்டால், எந்த இடத்தில் வெட்டுவது என்பதிலேயே பயிற்சி தொடங்குகிறது. நோய் தெளிவாகத் தெரிவது புள்ளியின் நடுவில் என்பதால் புதியவரின் கத்தி அங்கேதான் போகும். ஆனால் நடுப்பகுதி செத்துப்போன திசு. செத்ததைத் தின்று வாழும் பல சாறுண்ணிப் பூஞ்சாணங்கள் அங்கே குடியேறியிருக்கும். நோய்க்காரணி உயிரோடு முன்னேறிக்கொண்டிருப்பது புள்ளியின் விளிம்பில், பச்சையும் பழுப்பும் சேரும் கோட்டில். ஆகவே பாதி நலமான திசுவும் பாதி நோயுற்ற திசுவும் வரும்படி சில மில்லிமீட்டர் அளவில் துண்டு எடுக்க வேண்டும். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பிற உயிரிகளைக் கொல்ல அத்துண்டை ஒரு சதவீதச் சோடியம் ஹைபோகுளோரைட் கரைசலில் ஏறத்தாழ ஒரு நிமிடம் அமிழ்த்தி, நுண்ணுயிர் நீக்கிய நீரில் மூன்று முறை கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, பெட்ரி தட்டில் உறைந்திருக்கும் ஊடகத்தின் மேல் வைக்கிறார்கள். நேரம் கூடினால் உள்ளே இருக்கும் நோய்க்காரணியும் சேர்ந்து செத்துவிடும். குறைந்தால் தட்டு முழுவதும் வேண்டாத கரும்பூஞ்சாணம் படர்ந்துவிடும். ஊடகம் என்பது ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கின் சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், 20 கிராம் அகர் சேர்த்து, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கொதிகலத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கால் மணி முதல் இருபது நிமிடம் வரை வைத்து எடுப்பது. ஆய்வுக்கூடத்தில் இதைப் பி.டி.ஏ. என்றே அழைக்கிறார்கள். எந்தத் துறைக் கட்டடத்திலும் உருளைக்கிழங்கு வேகும் மணம் வந்தால் முதுநிலை மாணவர் ஒருவர் ஊடகம் தயாரிக்கிறார் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இந்த நான்கு விதிகளின் மேல் மாணவருக்கு மதிப்பு வந்தபின், அவை எங்கே உதவாமல் போகின்றன என்பதைக் கற்றுக்கொடுப்பது நல்ல ஆசிரியரின் வழக்கம். அதற்கு இரண்டு இந்திய எடுத்துக்காட்டுகள் சாலப் பொருந்தும். முதலாவது, இமயமலை அடிவாரத் தராய் பகுதியில் நெல்லை வாட்டிய கெய்ரா நோய். துரு நிறப் புள்ளிகளோடு நாற்று குன்றிப்போகும் இந்த நோய்க்குக் கிருமி ஏதும் இல்லை, மண்ணில் துத்தநாகம் பற்றாமையே காரணம் என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஒய்.எல். நேனே 1966இல் காட்டினார். துத்தநாக சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்து தெளித்ததும் பயிர் பச்சை பிடித்தது. ஒரு பயிர் நோயியலாளர், தம் துறையின் முதன்மைக் குற்றவாளிகளான நுண்ணுயிரிகளை விடுவித்துத் தீர்ப்பு எழுதியது அந்தத் துறைக்கே பெருமை சேர்த்த நிகழ்வு எனலாம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு கேரளத் தென்னையின் வேர் வாடல். 1882 வெள்ளத்துக்குப் பின் ஈராட்டுப்பேட்டைப் பகுதியில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. ஓலையின் கீற்றுகள் விறைப்பிழந்து உட்புறமாக வளைந்து தொய்கின்றன, பாளை கருகுகிறது, காய்ப்பு ஆண்டுக்காண்டு குறைகிறது. இதற்கெனக் காயங்குளத்தில் ஆராய்ச்சி நிலையமே அமைந்தும், பூஞ்சாணம், பாக்டீரியா, நூற்புழு, வைரஸ், மண்ணின் சத்துக்குறை என்று ஒவ்வொன்றாகச் சந்தேகிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் காக்கின் விதிகளின் முன் நிற்க முடியாமல் விலகின. 1967இல் ஜப்பானில் தோய் குழுவினர் மல்பெரியின் குட்டை நோயில் செல்சுவரற்ற நுண்ணுயிரிகளை மின்னணு நுண்ணோக்கியில் கண்டபோதுதான், பைட்டோபிளாஸ்மா என்று இன்று அழைக்கப்படும் அந்த வகை உயிரி உலகுக்குத் தெரிந்தது. தென்னை வேர் வாடலில் அதே வகை உயிரி 1980களில் காணப்பட்டது. சிக்கல் என்னவென்றால் பைட்டோபிளாஸ்மாவைப் பெட்ரி தட்டில் வளர்க்க முடிவதில்லை, அதனால் இரண்டாம் விதி நிறைவேறுவதில்லை. எனவே சான்றுகளை வேறு வழிகளில் அடுக்க வேண்டியதாயிற்று: நோயுற்ற மரத்தின் திசுக்களில் மட்டும் அது காணப்படுவது, டெட்ராசைக்ளின் வகை மருந்து செலுத்தினால் அறிகுறி தற்காலிகமாகத் தணிவது, சாறுறிஞ்சும் பூச்சிகள் வழியாக நலமான கன்றுக்கு நோய் கடத்தப்படுவது. கண்ணால் கண்ட சாட்சி இல்லாத வழக்கைச் சூழ்நிலைச் சான்றுகளால் நிறுவுவதற்கு ஒப்பான இந்த முறையை உள்வாங்கிக்கொண்ட மாணவர், விதிகளை மந்திரமாகச் சொல்லாமல் அவற்றின் நோக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார். அந்த நோய் இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தோப்புகளிலும் பரவியிருப்பதால், கோயம்புத்தூரில் படிப்பவர்களுக்கு இது பாடநூல் வரலாறாக மட்டும் நிற்கவில்லை.

கோயம்புத்தூரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1868இல் சென்னைச் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளி, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்து கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாயிற்று. தஞ்சாவூர்ப் பகுதியில் குலைநோய் பேரழிவை உண்டாக்கிய 1919ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னை மாகாண அரசின் பூஞ்சாணவியலாளராக இங்கிருந்து பணியாற்றிய வில்லியம் மக்ரே அந்த நோயை ஆராய்ந்தார். ஆனைக்கொம்பன் என்னும் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கோ 4 அதற்கு எதிர்ப்பு உடைய இரகமாகப் பிற்பாடு பெயர்பெற்றது. கோயம்புத்தூரின் மற்றொரு நெல் இரகமான கோ 39 நேரெதிர்க் காரணத்துக்காக உலகப் புகழ் பெற்றிருக்கிறது: குலைநோய்க்கு அது அவ்வளவு எளிதில் ஆட்படுவதால், பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக அதனுள் ஏற்றி, ஒரு மரபணு தவிர மற்ற எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோலிருக்கும் வரிசைகளை உருவாக்கியது. எந்தப் பகுதியின் குலைநோய்ப் பூஞ்சாணம் எந்த மரபணுவை வெல்லும் என்று அறிய அவ்வரிசைகள் உலகமெங்கும் பயன்பட்டன. விவசாயியின் கண்ணுக்குக் குறையாகத் தெரியும் ஒரு பண்பு ஆய்வாளருக்கு அளவுகோலாகும் விந்தை இது.

அத்தகைய வரிசைகளின் பின்னால் இருப்பது, அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஹெரால்ட் ஃபிளோர் ஆளிச்செடியின் துருநோயை ஆராய்ந்து 1940களில் வகுத்த கோட்பாடு. செடியில் உள்ள ஒவ்வொரு எதிர்ப்பு மரபணுவுக்கும் இணையாக நோய்க்காரணியில் ஒரு மரபணு இருக்கிறது என்பதும், இரண்டும் பொருந்தினால்தான் செடி எதிரியை அடையாளம் கண்டு தடுக்கிறது என்பதும் அதன் சுருக்கம். புதிய எதிர்ப்பு இரகம் சில ஆண்டுகளில் ஏன் தோற்கிறது என்ற கேள்விக்கு இதில் விடை இருக்கிறது: பூஞ்சாணம் தன் பங்கு மரபணுவை மாற்றிக்கொண்டால் செடிக்கு அதன் வருகையே தெரிவதில்லை.

குலைநோயில் பட்ட ஆய்வு செய்யும் மாணவரின் நாள் இத்தகைய கோட்பாடுகளோடு கழிவதில்லை. எண்ணுவதிலும் மதிப்பெண் போடுவதிலும் கழிகிறது. சோதிக்கும் இரகங்களை வரிசையாக விதைத்து, நோய்க்கு எளிதில் ஆட்படும் இரகத்தைச் சுற்றிலும் நெருக்கி விதைத்து, தழைச்சத்தைத் தாராளமாக இட்டு, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து, நோய் வருவதற்கான எல்லா வசதியையும் செய்துகொடுக்கும் குலைநோய் நாற்றங்கால், வேளாண்மை முழுவதிலும் பயிர் கெடுவதற்காகவே பாடுபடும் அரிய இடங்களில் ஒன்று. அங்கே ஒவ்வொரு வரிசைக்கும் 0 முதல் 9 வரையிலான மதிப்பெண் தரப்படுகிறது. குண்டூசித் தலையளவு பழுப்புப் பொட்டு மட்டும் இருந்தால் 1. பழுப்பு விளிம்போடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வட்டப் புள்ளியானால் 3. இருமுனை கூர்ந்து நடுவில் சாம்பல் நிறம் கொண்ட கண் வடிவப் புள்ளிகள் இலைப்பரப்பில் 4 சதவீதத்துக்குள் இருந்தால் 4. அவையே முக்கால் பங்குக்கு மேல் பரவினால் 9. இதில் 3க்கும் 4க்கும் இடையிலுள்ள கோடுதான் முக்கியமானது, ஏனெனில் அங்கே வேறுபடுவது பரப்பளவு அல்ல, புள்ளியின் வகை. 3 வரை செடி எதிர்த்து நிற்கிறது, 4இலிருந்து பூஞ்சாணம் வித்துகளை உண்டாக்கத் தொடங்கிவிட்டது. சதவீதத்தைக் கண்ணால் மதிப்பிடுவது எவ்வளவு நம்பத்தகுந்தது என்ற கேள்வி 1945இல் ஹார்ஸ்ஃபால், பாரட் இருவரும் எழுப்பியதிலிருந்து முடிவுறாமல் நடக்கிறது. கைப்பேசிப் படத்தைக் கொண்டு கணினி அளந்து சொல்லும் முறைகள் வந்துவிட்டபோதிலும், பனி உலராத காலையில் வரிசைக்கு வரிசை குனிந்து பார்த்துப் பழகிய கண் இன்னும் மதிப்பிழக்கவில்லை.

பனி என்பது இங்கே வருணனைக்காக வந்த சொல் அல்ல. குலைநோய் வித்து இலையில் விழுந்து முளைக்க, இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். முளைத்த வித்து ஒட்டுறுப்பு என்னும் குமிழை உண்டாக்கி, அதன் சுவரில் மெலனின் என்ற கரும்பொருளைப் பூசிக்கொண்டு, உள்ளே அழுத்தத்தைக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு வரை ஏற்றி, இலையின் தோலைத் துளைத்து நுழைகிறது. டிரைசைக்ளசோல் என்ற மருந்து பூஞ்சாணத்தைக் கொல்வதில்லை. மெலனின் உற்பத்தியை மட்டும் தடுக்கிறது, அழுத்தம் நிற்காததால் நுழைவு தோற்கிறது. காவிரிப் படுகையில் சம்பாவும் தாளடியும் மார்கழி, தை மாதங்களின் பனிக்குள் நிற்பதால்தான் கழுத்துக் குலைநோய் அங்கே அஞ்சப்படுகிறது. இதே காரணத்தால் ஆய்வு மாணவருக்கு ஒரு நடைமுறைத் துன்பமும் உண்டு: படிப்புக் காலத்தில் அவருக்குக் கிடைப்பது ஓரிரு பருவங்கள் மட்டுமே, அந்த ஆண்டு பனி பொய்த்தால் வயலில் நோய் வராது, நோய் வராவிட்டால் ஆய்வேட்டுக்குத் தரவு இராது. ஊரே மகிழ்ச்சியாக அறுவடை செய்யும் ஆண்டில் முகம் வாடி நிற்கும் ஒரே ஆள் குலைநோய் மாணவராக இருக்கக்கூடும்.

காரணத்தை நிறுவும் பழக்கம் துறையின் சொந்த நம்பிக்கைகளின் மேலும் திரும்ப வேண்டும் என்பதற்கு 1943 வங்கப் பஞ்சம் தக்க சான்று. பயிர் நோயியலின் முதல் வகுப்பில், 1942இல் நெல்லைத் தாக்கிய செம்புள்ளி நோயே அப்பஞ்சத்துக்குக் காரணம் என்ற வாக்கியம் பெரும்பாலும் இடம்பெறுகிறது. அந்த வாக்கியத்துக்கு அடிப்படை எஸ்.ஒய். பத்மநாபன் 1973இல் எழுதிய கட்டுரை. வங்கத்தின் இரு நெல் ஆராய்ச்சி நிலையங்களில் 1941, 1942 ஆண்டுகளின் விளைச்சலை ஒப்பிட்டு அவர் பெரும் வீழ்ச்சியைக் காட்டினார். 1981இல் அமர்த்தியா சென், மொத்த உணவு இருப்பின் குறைவைவிட, விலையேற்றத்தால் கூலியாட்களும் மீனவர்களும் வாங்கும் திறனை இழந்ததே மாண்டவர் தொகைக்கு முதன்மைக் காரணம் என்று வாதிட்டார். போர்க்கால அரசின் கொள்கைகள் பற்றிய விவாதமும் தொடர்கிறது. நோய் வந்தது உண்மை, அது தனியொரு காரணம் என்பது நிறுவப்படாதது. காக்கின் நான்கு விதிகளை ஒரு மணி நேரம் விளக்கிவிட்டு, அடுத்த மணி நேரத்தில் இந்த வாக்கியத்தை ஐயமின்றிச் சொல்லிச் செல்லும் வகுப்பறை தன் பாடத்தைத் தானே மறந்ததாகிறது.

ஆய்வேடுகளின் பக்கம் வந்தால் இந்த மறதி வேறு உருவில் தென்படுகிறது. தமிழ்நாட்டில் விவசாயிகள் சூடோமோனாஸ் என்றும் விரிடி என்றும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் உயிரியல் கொல்லிகள், அதாவது நோய்ப் பூஞ்சாணத்தை அடக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் பூஞ்சாணமும், கோயம்புத்தூரின் மெச்சத்தக்க கொடை. கிலோ விதைக்குச் சூடோமோனாஸ் 10 கிராம், டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் என்ற விதை நேர்த்தி அளவு கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த வெற்றியைத் தொடர்ந்து, பெட்ரி தட்டின் ஒரு பக்கம் நோய்ப் பூஞ்சாணத்தையும் மறுபக்கம் புதிதாகப் பிரித்தெடுத்த பாக்டீரியாவையும் வைத்து, இரண்டுக்கும் நடுவே உண்டாகும் வெற்றிடத்தை மில்லிமீட்டரில் அளந்து முடிக்கும் ஆய்வேடுகள் பெருகின. தட்டில் சத்து மிகுதி, போட்டியாளர் எவரும் இல்லை. மண்ணில் நிலைமை தலைகீழ். தட்டில் வென்றது வயலில் தோற்பது இயல்பு, ஆகவே அந்த அளவீடு ஆய்வின் தொடக்கமாக இருக்கத்தக்கதே ஒழிய முடிவாகத் தக்கதன்று. பெயரிடுவதிலும் இதே அவசரம் உண்டு. பூஞ்சாணத்தின் டி.என்.ஏ.விலிருந்து ஐ.டி.எஸ். என்னும் ஒரு பகுதியை மட்டும் வரிசைப்படுத்தித் தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் சில மணி நேரத்தில் பெயர் கிடைத்துவிடுகிறது. ஆனால் மிளகாய், மா ஆகியவற்றின் பழ அழுகலோடு தொடர்புடைய கொலிட்டோட்ரைக்கம் போன்ற பேரினங்களில் நெருங்கிய சிற்றினங்களைப் பிரித்தறிய அந்த ஒரு பகுதி போதாது, மேலும் சில மரபணுக்கள் வேண்டும். பெயர் சரியாகவே இருந்தாலும், அந்த உயிரி இலையில் இருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது, நோயை உண்டாக்கியது என்பதை அல்ல.

படிப்பை முடித்தவர்கள் எங்கே போகிறார்கள் என்பதும் மறைக்க வேண்டியதில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித்தொகையோடு முதுநிலையில் சேரும் பலருக்கு அந்த இரண்டாண்டுகள் வேளாண்மை அலுவலர் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் படிக்கும் காலமாகவும் அமைகின்றன; சிலர் விதை, மருந்து நிறுவனங்களுக்கும், சிலர் முனைவர் பட்டத்துக்கும் செல்கின்றனர். இதைக் குறையாகச் சொல்லும் பேராசிரியர்கள் உண்டு. எனினும், வாடிய செடியைப் பார்த்ததும் மருந்தின் பெயரைச் சொல்லாமல், பிடுங்கி வேரைப் பார்த்து, தண்டைக் கீறி நிறம் பார்த்து, பக்கத்து வயலில் என்ன நிலைமை என்று விசாரிக்கும் ஓர் அலுவலர் ஒரு வட்டாரத்துக்குக் கிடைப்பது ஆய்விதழில் வெளிவரும் ஒரு கட்டுரையைவிடக் குறைந்த பயன் அன்று.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. மாணவர் பாடுபட்டுப் பிரித்தெடுத்த தூய வளர்ப்பு, பட்டம் பெற்று அவர் கிளம்பியதும், சாய்வூடகக் குழாயில் குளிர்பெட்டியின் மூலையில் கிடந்து காய்ந்துபோவது பல இடங்களில் நடக்கிறது. யாராவது மறுபடி மறுபடி புது ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தாலும், குலைநோய்ப் பூஞ்சாணம் போன்றவை செயற்கை ஊடகத்திலேயே தலைமுறைகளைக் கழிப்பதால் நோய் உண்டாக்கும் திறனை இழந்துவிடுவதுண்டு. ஆய்வேட்டில் எழுதியதைப் பத்தாண்டு கழித்து ஒருவர் சரிபார்க்க விரும்பினால் பார்ப்பதற்கு அந்த உயிரியே இராது. எட்வின் பட்லர் 1905இல் பீகாரின் பூசாவில் தொடங்கிய பூஞ்சாண உலர்தொகுப்பு, அங்கே நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின் நிறுவனத்தோடு டெல்லிக்குப் பெயர்ந்து, நூறாண்டுக்கு முந்தைய நோயுற்ற இலைகளை இன்றும் பார்வைக்கு வைத்திருக்கிறது. உயிருள்ள வளர்ப்புகளைப் பெற்றுக் காக்கும் சேமிப்பகங்களும் டெல்லியிலும் சண்டிகரிலும் இயங்குகின்றன. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும்போது அதில் பயன்படுத்திய ஒவ்வொரு வளர்ப்புக்கும் அத்தகைய சேமிப்பகம் ஒன்றின் பதிவெண்ணையும் இணைக்க வேண்டும் என்று விதி செய்தால், அதற்கு ஆகும் செலவு வரிசைப்படுத்தலுக்கு இன்று செலவிடுவதைவிடப் பெரிதாக இருக்கப்போவதில்லை.